பாதிக்கப்பட்டவர் தேடி வரும்வரை காத்திருக்க வேண்டாம்: கடலூர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயலாளர் அவர்களுக்கும் வணக்கம்.

குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் உங்கள் ஆணைக்குழுவே ஒருவரை அமர்த்தித் தருகிறது. அது அவருடைய உரிமை. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கணவரைக் கொலைக்குப் பறிகொடுத்துவிட்டு, பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைத்துப் பிள்ளைகளை வளர்க்கும் ஒரு பெண்ணை நான் அறிவேன். முதல் தகவல் அறிக்கையின் நகலை மஞ்சள் பையில் நான்காக மடித்து வைத்திருக்கும் அவருக்கு, அடுத்த வாய்தா என்றைக்கு என்பதுகூட எதிர்த்தரப்பு உறவினர் வாயிலாகத்தான் தெரிகிறது. இழப்பீடு என்று ஒன்று உண்டென அவரிடம் யாரும் சொல்லவில்லை.

சட்டத்தில் குறையில்லை. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தருவதற்காகப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 2009ஆம் ஆண்டின் இறுதியில் நடைமுறைக்கு வந்த 357அ பிரிவு, இன்று அதற்கு மாற்றாக வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 396ஆம் பிரிவாகத் தொடர்கிறது. குற்றவாளி யாரென்றே கண்டறியப்படாமல் வழக்கு விசாரணைக்கு வராமல் போனாலும் பாதிக்கப்பட்டவர் உங்களிடம் விண்ணப்பிக்கலாம். நீங்கள் இரண்டு மாதத்திற்குள் விசாரித்து முடிக்க வேண்டும். புலன்விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் காவல்துறை தெரிவிக்க வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 193ஆம் பிரிவு. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி, பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெற வருமான வரம்பே கிடையாது. இத்தனையும் இருந்தும், எழுதப் படிக்கத் தடுமாறும் ஒருவர் தாமாகவே மனு எழுதிக்கொண்டு வந்தால்தான் கதவு திறக்கும் என்றால், துக்க வீட்டிலிருந்து எத்தனை பேர் வருவார்கள்?

ஆகவே, கொலை, பாலியல் வன்கொடுமை, கொடுங்காயம் ஆகிய வழக்குகளில் முதல் தகவல் அறிக்கை பதிவானதுமே அதன் விவரத்தைக் காவல் நிலையங்களிலிருந்து பெற்று, உங்கள் சட்டத் தன்னார்வலர் ஒருவரை அந்த வீட்டுக்கே அனுப்புங்கள். இடைக்கால நிவாரணத்துக்கான மனுவை அங்கேயே எழுதி வாங்கட்டும். வாய்தா தேதிகளை அவரே தொடர்ந்து சொல்லட்டும்.

பணத்தோடு முடியாத ஒன்றும் இருக்கிறது. அந்தப் பெண் ஒருமுறை, "கடைசியா அவரு என்ன பேசினாருன்னு அவன்கிட்ட கேக்கணும்" என்றார். நீதிமன்றத்தில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. நியூசிலாந்தில் 2014 முதல், மாவட்ட நீதிமன்றத்தில் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டால், பாதிக்கப்பட்டவரும் குற்றம் செய்தவரும் நேரில் அமர்ந்து பேசும் சீரமைப்பு நீதிச் சந்திப்பு நடத்த இயலுமா என்று ஆராய்வதற்காகத் தண்டனை விதிப்பதற்கு முன்பே வழக்கைத் தள்ளிவைக்கிறார்கள். இரு தரப்பும் மனமுவந்து சம்மதித்தால் மட்டுமே சந்திப்பு நடக்கிறது.

நம் ஊரில் இதைச் சொன்னதும் கட்டப்பஞ்சாயத்து நினைவுக்கு வருவதும், அதைக் கேட்டுப் பாதிக்கப்பட்டவர்கள் அஞ்சுவதும் இயல்பே. ஊர்ப் பெரியவர்கள் கூடி, ஒரு தொகையைப் பேசி, "வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்" என்று பலவீனமானவரின் தலையில் கட்டுவதை நானும் முழுமையாக எதிர்க்கிறேன். சாதியும் பணபலமும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் இடத்தில் அது இரண்டாவது குற்றமாகிவிடும். நான் கேட்பது தண்டனைக்கு மாற்று அன்று. தீர்ப்பு வந்த பிறகு, தண்டனையில் ஒரு நாளும் குறையாமல், மன்னிக்கும்படி யாரையும் வற்புறுத்தாமல், பாதிக்கப்பட்டவர் விரும்பினால் மட்டும், பயிற்சி பெற்ற ஒருவரின் முன்னிலையில் கேப்பர் மலை மத்திய சிறையில் நடக்கும் ஒரு சந்திப்பையே கேட்கிறேன். வேண்டாம் என்று எந்த நிமிடத்திலும் எழுந்து வர அவருக்கு உரிமை இருக்க வேண்டும். பாலியல் குற்றங்களையும் குடும்ப வன்முறையையும் தொடக்கத்தில் இதற்குள் கொண்டுவரவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சிறைத்துறையோடும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரோடும் இதுகுறித்துக் கலந்து பேசி, வீடு தேடிச் செல்லும் பணியையாவது இந்த ஆண்டே தொடங்கிவைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கடலூர் மாவட்டக் குடிமக்களில் ஒருவர்