பக்கம் 15, 16

மக்களே,

பேச்சுரிமையைப் பற்றி நீ எழுதி அனுப்பின கட்டுரையை மூன்று தடவை படித்துவிட்டேன். முதல் தடவை போனில், கண்ணாடி போடாமல், விரலால் தள்ளித் தள்ளி, பாதி புரிந்தும் பாதி புரியாமலும். அப்புறம் அப்பா ரப்பர் ஷீட் கொடுக்க மார்த்தாண்டம் போனபோது பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தார், இருபத்திரண்டு பக்கம். இன்றைக்குக் காலையில் மூன்றாவது தடவை, சிவப்புப் பேனாவோடு. வருஷக்கணக்காகப் பேப்பர் திருத்துகிற கை, சும்மா இருக்காது. இங்கிலீஷ் உனக்கு நன்றாக வருகிறது, எனக்குத்தான் பக்கத்துக்கு நாலு தடவை அகராதி புரட்ட வேண்டியிருந்தது. போனில் சொல்லலாம் என்றால் நீ குறுக்கே பேசுவாய், எனக்குக் கோபம் வரும், கடைசியில் சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிடுவேன். போனில் சொல்ல முடியாத ஒரு விஷயமும் இருக்கிறது. அது பின்னால் வரும்.

அந்த 1950 கேஸை நீ எழுதியிருக்கிற விதம் எனக்குப் பிடித்தது. 'கிராஸ் ரோட்ஸ்' பத்திரிகை மதராஸ் ராஜ்யத்துக்குள் வரவே கூடாது என்று பொது ஒழுங்கைக் காரணம் காட்டி அரசு தடை போட்டதும், ரொமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றம் போய் ஜெயித்ததும், ஜெயித்த மறு வருஷமே அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் கொண்டுவந்து 'பொது ஒழுங்கு' என்ற வார்த்தையை, 19(1) கொடுக்கிற பேச்சுரிமைக்குக் கட்டுப்பாடு சொல்கிற 19(2)-க்குள் சேர்த்துவிட்டதும். கதவைத் திறந்த கையோடு தாழ்ப்பாளும் போட்டிருக்கிறார்கள். கூடவே கட்டுப்பாட்டுக்கு முன்னால் 'நியாயமான' என்ற ஒரு வார்த்தையையும் சேர்த்தார்களே, எழுபது வருஷமாக உங்கள் வக்கீல்களுக்குச் சோறு போடுவது அந்த வார்த்தைதான் போலிருக்கிறது.

ஆனால் இருபத்திரண்டு பக்கத்திலும் நம்ம கன்னியாகுமரி ஜில்லா ஒரு இடத்தில்கூட இல்லை, அதுதான் எனக்குக் குறை. டெல்லிக்குப் போனதும் ஆரல்வாய்மொழிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்துவிட்டாயா? அந்த ஆரல்வாய்மொழிதான் ஒரு காலத்தில் திருவிதாங்கூர் எல்லை. 1910-ல் 'சுதேசாபிமானி' பத்திரிகை ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளை திவானைப் பற்றி எழுதினார் என்பதற்காக அச்சகத்தைப் பறிமுதல் செய்து, ஆளைப் பிடித்து, எல்லைக்கு அப்பால் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் விட்டார்கள். விசாரணையும் கிடையாது ஒன்றும் கிடையாது, மகாராஜாவின் உத்தரவு. மனுஷன் கண்ணூரில் செத்துப்போனார், திரும்பி வரவே இல்லை. நீ வேறு எங்கெங்கோ தேடி எடுத்திருக்கிற உதாரணங்களுக்கு நடுவில் இதற்கு ஒரு பாரா கொடுத்திருக்கலாம்.

அதற்கும் முன்னால் நம்ம வீட்டுக் கதை. மாரை மறைக்கிற உரிமைக்காக நம்ம பெண்கள் போட்ட தோள்சீலைச் சண்டையை நான் உனக்குப் பாடமாகச் சொல்லியிருக்கிறேன், வீட்டுக் கதையாகச் சொன்னதில்லை. 1859-ல் மகாராஜா விளம்பரம் போட்டார், நாடார் பெண்கள் மேலே துணி போட்டுக்கொள்ளலாம் என்று. ஆனால் மேல்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக்கூடாது, மீனவப் பெண்களான முக்குவத்திகள் கட்டுகிற மாதிரி முரட்டுத் துணியைக் கட்டிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் கிறிஸ்தவப் பெண்களைப் போலக் குப்பாயம், அதாவது சட்டை, போட்டுக்கொள்ளலாம். அனுமதி ஒரு வரி, நிபந்தனை மூன்று வரி, உன் 19(1)-ம் 19(2)-ம் மாதிரியே. என் பாட்டியின் பாட்டி, விளம்பரம் வந்து பத்து வருஷம் கழித்தும், சந்தைக்குப் போகும்போது குப்பாயத்தைக் கழற்றி மடித்துக் கருப்பட்டிக் கூடைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் போவாளாம். கிழித்துவிடுவார்கள் என்ற பயம். திரும்பி வரும்போது தோட்டத்துக்குள் நுழைந்ததும் எடுத்துப் போட்டுக்கொள்வாள், அதனால் குப்பாயத்தில் எப்போதும் கருப்பட்டி வாசம் அடிக்குமாம். பாட்டி இதைச் சொல்லும்போது சிரிப்பாள். எனக்கும் அப்போது சிரிப்புதான் வந்தது.

இந்தக் கதை சி.பி.எஸ்.இ. ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில் இருந்தது தெரியுமா உனக்கு? நாடார்களைப் பற்றி எழுதியிருந்த விதம் தப்பு, அவமானம் என்று நம்ம ஆட்களே கோபப்பட்டார்கள், கோபத்தில் நியாயமும் இருந்தது, கோர்ட் வரைக்கும் போனது. கடைசியில் என்ன ஆச்சு? 2016-ல் அந்தப் பகுதியையே விட்டுவிடச் சொல்லி சுற்றறிக்கை வந்தது, பரீட்சையிலும் கேள்வி கேட்கக்கூடாது என்று. 2019-ல் உடையின் வரலாற்றைச் சொன்ன அந்தப் பாடமே மொத்தமாகப் போய்விட்டது. தப்பு இருந்தால் அடித்துத் திருத்த வேண்டும், நாங்கள் வாத்திமார் அதைத்தானே நாள் முழுக்கச் செய்கிறோம். தாளையே கிழித்தால் தப்பும் போகும், கூடைக்கு அடியில் ஒளித்த குப்பாயமும் போகும். தாளைக் கிழிப்பதைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்காதே, வருகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு சண்டை. கடைசிப் பக்கத்தில், பேச்சுக்கு எந்தக் கட்டுப்பாடும் வேண்டாம், பேச்சுக்குப் பதில் பேச்சுதான் என்று எழுதியிருக்கிறாய். எழுத அழகாகத்தான் இருக்கிறது. 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் கோயில் கொடை நேரத்தில் மதக் கலவரம் வந்து, போலீஸ் சுட்டு, ஆட்கள் செத்து, ஜில்லா பற்றியெரிந்தபோது நான் எட்டாம் வகுப்பு. ஒரு ராத்திரி எவனோ ஒருத்தன் சைக்கிளில் "வாறாங்கோ, வாறாங்கோ" என்று கத்திக்கொண்டு போனான். அவ்வளவுதான், ஒரே ஒரு வார்த்தை. ஊர் முழுக்க விளக்கை அணைத்துவிட்டு வாழைத்தோட்டத்துக்குள் ஓடினோம், விடிய விடிய உட்கார்ந்திருந்தோம், என் தம்பி இருமக்கூடாது என்று அம்மா அவன் வாயைப் பொத்திக்கொண்டே இருந்தாள். யாரும் வரவில்லை. ஆனால் எங்கள் ஆண்கள் கையில் அரிவாளோடு வரப்பில் நின்றார்கள், அந்த நேரம் பார்த்து அந்த வழியாக ஒரு வழிப்போக்கன் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தச் சைக்கிள்காரனுக்குப் பதில் பேச்சுப் பேச அந்த ராத்திரியில் யார் இருந்தார்கள்? அதனால் கட்டுப்பாடே வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை, கேட்டியா. நீ அதைக் கொஞ்சம் யோசித்து எழுது.

சரி, வந்துவிட்டேன்.

இணையத்தில் எழுதுகிறவர்களைக் கைது செய்யப் பயன்பட்ட ஐ.டி. சட்டத்தின் 66ஏ பிரிவை 2015-ல் ரத்து செய்த தீர்ப்பைச் சொல்லும் இடத்தில் 'சில்லிங் எஃபெக்ட்' என்று ஒன்றை எழுதியிருக்கிறாய். முதலில் சிரித்தேன், நம்ம ஊரில் குளிரே கிடையாதே என்று. யாரும் தடுக்காமலே, பயத்தில் ஆள் தானாக வாயை மூடிக்கொள்வது என்று நீ கீழே விளக்கியிருந்ததைப் படித்ததும் சிரிப்பு நின்றுபோனது.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தது உனக்கு மறக்காது. நம்ம ரப்பர் பாதி சாய்ந்ததும் நாள்கணக்கில் கரண்ட் இல்லாததும் நமக்குப் பெரிதாக இருந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் கடலுக்குப் போன ஆட்களே திரும்பி வரவில்லை. டிசம்பர் 7-ந் தேதி கரைக்காரர்கள், காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி, குழித்துறை ஸ்டேஷனுக்கு வந்து தண்டவாளத்தில் உட்கார்ந்தபோது உன் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அங்கேதான் இருந்தார்கள். நீ பத்தாம் வகுப்பு. உன் பெஞ்சில் இருந்த பிள்ளையின் அப்பாவும் வரவில்லை.

ஜனவரியில் நம்ம பள்ளிக்கூடக் கையெழுத்து இதழ் வந்தது, ஞாபகம் இருக்கிறதா? ஒரே பிரதி, நூலக மேஜையில் நூல் கட்டி வைப்போம். நீ ஒரு தாள் எழுதியிருந்தாய், முன்பக்கம் 15, பின்பக்கம் 16. இதழ் வந்தபோது உன் கட்டுரை இல்லை. "தைக்கும்போது விட்டுப்போச்சு மக்களே" என்று நான் சொன்னேன். நீயும் நம்பினாய்.

விட்டுப்போகவில்லை. நான்தான் வெட்டினேன்.

தைத்து முடித்த பிறகு, சனிக்கிழமை சாயங்காலம், ஸ்டாஃப் ரூமில் யாரும் இல்லாதபோது, பாதி பிளேடை வைத்து, ஸ்கேலை அழுத்திப் பிடித்து. ஓரத்தில் அரை விரல் அகலத்துக்குத் தாள் நின்றது, அதை எடுத்தால் தையல் பிரிந்துவிடும் என்று விட்டுவிட்டேன். 14-க்கு அப்புறம் 17. இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

யாரும் சொல்லவில்லை, அதைத்தான் நீ புரிந்துகொள்ள வேண்டும். தலைமையாசிரியர் சொல்லவில்லை, மேலே இருந்து யாரும் போன் பண்ணவில்லை, போலீஸ் வரவில்லை. ஒக்கிக்கு மூன்று வாரம் முன்னால்தான் நெல்லை கலெக்டர் ஆபீஸில் தீக்குளித்த குடும்பத்தைப் பற்றிப் படம் வரைந்ததற்காகக் கார்ட்டூனிஸ்ட் பாலாவைக் கைது செய்திருந்தார்கள். மறுநாளே ஜாமீனில் விட்டுவிட்டார்கள், ஆனால் எனக்கு அந்த ஒரு நாள் போதுமாக இருந்தது. 'தேடப் போன கப்பல் எந்தக் கடலில் தேடியது?' என்று நீ கேட்டிருந்தாய். அரசாங்கச் சம்பளம் வாங்குகிற டீச்சரின் மகள். அதற்கு நான் எனக்குள்ளே சொல்லிக்கொண்ட காரணமும் பழைய காரணம்தான், கலவரமான நேரம், பிள்ளைகள் மனசு கொதித்திருக்கிறது, அமைதி கெடக்கூடாது.

அடுத்த மே மாதம், தூத்துக்குடி துப்பாக்கிச்சூட்டுக்கு மறுநாள், நம்ம ஜில்லாவையும் சேர்த்து மூன்று ஜில்லாவில் இணையத்தை நிறுத்தினார்கள். நீ லீவில் இருந்தாய், வாட்ஸ்அப் வரவில்லை என்று போனைத் தூக்கித் தூக்கிப் பார்த்துத் திட்டினாய். அதற்காவது ஒரு உத்தரவு இருந்தது, காகிதத்தில் எண் இருந்தது, கோர்ட்டில் போய்க் கேட்க முடிந்தது. 2020 காஷ்மீர் தீர்ப்பில், இணையத்தை நிறுத்தும் உத்தரவுகளை வெளியிட்டே ஆக வேண்டும் என்று சொன்னதை நீயே எழுதியிருக்கிறாய். என் பிளேடுக்கு என்ன உத்தரவு எண்? யார் எந்தக் கோர்ட்டுக்குப் போவது? உன் இருபத்திரண்டு பக்கத்தில் இதற்கு இடம் இருக்கிறதா என்று தேடினேன், அடிக்குறிப்பில் அரை வரி இருந்தது.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், போன மாதம் கருங்கல் சந்தையில் அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். நர்சிங் முடித்துவிட்டாள், வெளிநாட்டுக்கு முயற்சி பண்ணுகிறாளாம். உன்னை விசாரித்தாள். கிளம்பும்போது, "டீச்சர், அவ எங்க அப்பாவப் பத்தி எழுதி எனக்கு வாசிச்சுக் காட்டினாளே, அது எங்க போச்சு?" என்று கேட்டாள். பஸ் வந்துவிட்டது என்று சொல்லி ஏறிவிட்டேன். அது என் ஊர் பஸ்கூட இல்லை.

அந்தத் தாளை நான் எறியவில்லை. பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் விரித்த பேப்பருக்குக் கீழே இருந்தது. நேற்று எடுத்துப் பார்த்தால் சிவப்பு மை இருக்கிறது, இரண்டு இடத்தில் சந்திப்பிழை, ஒரு இடத்தில் 'கறை' என்று எழுதியதைக் 'கரை' என்று அடித்திருக்கிறேன். பிழை திருத்திவிட்டுத்தான் வெட்டியிருக்கிறேன் பார்.

தாள் இதற்குள் இருக்கிறது, மடிப்பில் இற்றுப்போயிருக்கிறது, பையப் பிரி. அந்தப் பிள்ளைக்கு ஒரு ஜெராக்ஸ் கொடுக்க நினைக்கிறேன், உன்னைக் கேட்காமல் கொடுக்க மனசு வரவில்லை. சரி என்றால் ஒரு வார்த்தை போடு, நானே அவள் வீட்டுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன். கோபம் என்றால் அதையும் எழுதிவிடு, போன் பண்ணாதே.

முந்திரிக்கொத்து தனிப் பார்சலில் வருகிறது. அப்பா போட்டது, கொஞ்சம் கடினமாக இருக்கும்.

அம்மா