முதல் பாதியில் செலவாகும் மூச்சு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. வலது கண்ணில் புரை எடுத்தார்கள், அதனால்தான் பதில் தாமதம். முதல் சில நாள் படிக்காதே, குனியாதே என்று ஒரே கட்டுப்பாடு. இப்போது பார்வை தெளிவாக இருக்கிறது. திரையில் இருபது குதிரை ஒன்றாக ஓடினாலும் குதிரையோட்டிகளான ஜாக்கிகளின் சட்டை நிறத்தைப் பிரித்துச் சொல்ல முடிகிறது. நீ தாத்தா ஆன செய்தியை இரண்டு முறை படித்தேன். குழந்தைக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று மட்டும் எழுதவில்லை. அடுத்த கடிதத்தின் முதல் வரியே அதுவாக இருக்கட்டும்.

சரி, டான்சிங் பிரேவ் விஷயத்துக்கு வருகிறேன். 1986-ல் இங்கிலாந்தின் எப்சம் டெர்பி பந்தயத்தில் அந்தக் குதிரையை ஜாக்கி கிரெவில் ஸ்டார்க்கிதான் தோற்கடித்தார், கடைசிவரை பின்னாலேயே வைத்திருந்து கெடுத்தார் என்று மறுபடியும் எழுதியிருக்கிறாய். இத்தனை வருஷமும் நானும் உன்னோடு சேர்ந்து அதையேதான் சொன்னேன். ஆனால் இந்த ஓய்வு நாட்களில் பழைய ஓட்டங்களை வரிசையாகப் போட்டு, கையில் ஸ்டாப்வாட்சோடு பார்த்தேன். ஜெயித்த குதிரையை விட்டுவிட்டு, முதல் பாதியில் யார் முன்னே போனார்கள், எவ்வளவு வேகத்தில் போனார்கள் என்பதை மட்டும் குறித்தேன். பார்த்து முடித்தபோது என் எண்ணம் மாறிவிட்டது. ஜாக்கி எப்போது குதிரையைக் கிளப்பினார் என்பதைத் தனியாக எடுத்து வைத்துப் பேச முடியாது. முன்னால் போனவர்கள் அதற்குள் எவ்வளவு செலவழித்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் தீர்ப்பு சொல்ல வேண்டும்.

குதிரையின் உடம்பிலிருந்தே தொடங்குகிறேன். நாலுகால் பாய்ச்சலில் குதிரை ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு என்ற கணக்கில்தான் மூச்சு விடுகிறது. நாம் ஓடும்போது நடுவில் இரண்டு மூச்சு கூட இழுத்துக்கொள்வது போல அதனால் முடியாது. ஓட்டம் தொடங்கியதும் மண்ணீரல் சுருங்கி, சேர்த்து வைத்திருந்த சிவப்பணுக்களை ரத்தத்தில் கொட்டுகிறது. அது இயற்கை கொடுத்த பெரிய உதவி. அப்படியிருந்தும் முழு வேகத்தை இரண்டு மூன்று ஃபர்லாங்குக்கு (ஒரு ஃபர்லாங் மைலில் எட்டில் ஒரு பங்கு) மேல் தாங்க முடியாது. அதைத் தாண்டினால் தசைக்கு ஆக்சிஜன் போதாமல் பாய்ச்சலின் நீளம் குறையத் தொடங்கும். அந்த இரண்டு மூன்று ஃபர்லாங்கை எங்கே செலவழிப்பது என்பதுதான் ஜாக்கியின் கையில் இருக்கிறது.

இதனால்தான் நம் கண் நம்மை ஏமாற்றுகிறது. கடைசி ஃபர்லாங்கில் ஒரு குதிரை பின்னாலிருந்து அம்பு மாதிரி வருகிறது, நாம் எழுந்து நின்று கத்துகிறோம். கடிகாரத்தை வைத்துப் பார்த்தால், குறிப்பாக மண் தளத்தில், பெரும்பாலும் அது வேகத்தைக் கூட்டியிருக்காது. மற்றவை தளர்கின்றன, அது மட்டும் குறைவாகத் தளர்கிறது. நமக்கு அது பறப்பதாகத் தெரிகிறது.

இதற்கு அமெரிக்காவின் 2022 கென்டக்கி டெர்பியை விடத் தெளிவான ஓட்டம் கிடைக்காது. ஒன்றேகால் மைல், 20 குதிரைகள். முதல் கால் மைல் 21.78 விநாடியில் போனது. அந்தப் பந்தயத்தின் வரலாற்றிலேயே அவ்வளவு வேகமான கால் மைல் தொடக்கம் இருந்ததில்லை. அரை மைல் 45.36 விநாடி. இந்த வேகத்தைக் கொடுத்த சம்மர் இஸ் டுமாரோ கடைசியாக வந்தது. அதன் பக்கத்திலேயே ஒட்டி ஓடிய கிரவுன் பிரைட் 13-வது. முதலில் வந்தது பந்தயக் கட்டில் 80-க்கு 1 என்று யாரும் கண்டுகொள்ளாத ரிச் ஸ்ட்ரைக். முந்தின நாள் வேறொரு குதிரை விலகிக்கொண்டதால்தான் அதற்கு இடமே கிடைத்தது. அதன் ஜாக்கி சோனி லியோன் அதைக் கூட்டத்தின் கடைசிப் பகுதியில் சும்மா ஓட விட்டு, வளைவில் உள்வேலி ஓரமாகக் கொண்டுவந்தார். நேர்ப்பாதையில் எதிரே தளர்ந்துகொண்டிருந்த ஒரு குதிரையைச் சுற்றி விலக்கி, மறுபடி வேலியோரம் புகுந்து, எபிசென்டரை முக்கால் லெங்த்தில், அதாவது முக்கால் குதிரை நீளத்தில், தாண்டினார். எபிசென்டரும் மூன்றாவது வந்த ஸாண்டனும்கூடத் தொடக்கத்தில் முன் வரிசையில் இருந்தவை இல்லை. அதற்கப்புறம் ரிச் ஸ்ட்ரைக் ஒரு பந்தயத்தில்கூட ஜெயிக்கவில்லை. அதற்காக அந்த வெற்றியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். முன்னால் எரிந்துகொண்டிருந்ததில் சிக்காமல், பின்னால் அவ்வளவு நேரம் பதறாமல் உட்கார்ந்திருக்க நெஞ்சு வேண்டும்.

இதையே தலைகீழாகவும் பார்க்கலாம். முன்னே போகிற குதிரையை யாரும் தொந்தரவு செய்யவில்லை என்றால், அது தனக்கு வேண்டிய வேகத்தில் ஓடிவிட்டு, மிச்சத்தை எல்லாம் கடைசிக்கு வைத்துக்கொள்ளும். பின்னால் இருப்பவை எவ்வளவு நல்ல குதிரைகளாக இருந்தாலும், தளராத குதிரையைப் பிடிக்க உண்மையாகவே அதைவிட வேகமாக ஓடியாக வேண்டும். இந்தக் கலையில் எனக்கு ஜாக்கி ஸ்டீவ் காத்தனைத்தான் மிகவும் பிடிக்கும். அமெரிக்காவில் ஸ்டாப்வாட்ச்சை வைத்துப் பழக்கும் முறையில் வளர்ந்தவர். அவர் தலைக்குள் ஒரு கடிகாரம் ஓடுவதாகச் சொல்வார்கள். 1985-ல் ஸ்லிப் ஆங்கர், 1987-ல் ரெஃபரன்ஸ் பாயின்ட் என்று இரண்டு எப்சம் டெர்பிகளை முன்னே இருந்தே ஜெயித்தார். ஸ்லிப் ஆங்கர் ஏழு லெங்த்தில் வென்றது. மேடும் இறக்கமும் சரிவும் உள்ள அந்தப் பாதையில், ஒன்றரை மைலுக்கு முன்னே ஓடியபடியே குதிரைக்கு மூச்சு விடவும் இடம் கொடுப்பது சாதாரண வேலை இல்லை. நீ “முதலிலிருந்தே முன்னே போக வேண்டியதுதானே” என்று எழுதியிருக்கிறாயே, அதற்கு இப்படிப்பட்ட கையும் பக்கத்தில் போட்டிக்கு ஆள் இல்லாத நிலையும் வேண்டும். முன்னே போக ஆசைப்படும் குதிரை இரண்டு இருந்தால் இரண்டுமே வீண்.

ஃப்ராங்கெல் என்ற பெரிய குதிரைக்கே இது நடக்கப் பார்த்தது. 2011-ல் இரண்டாயிரம் கினீஸ் பந்தயத்தில் ஜாக்கி டாம் குவீலி அதை முதலிலிருந்தே விரட்டி, ஆறு லெங்த்தில் ஜெயித்தார். ஜூன் மாதம் செயின்ட் ஜேம்ஸஸ் பேலஸ் ஸ்டேக்ஸில், பேஸ்மேக்கராக, அதாவது வேகம் கொடுப்பதற்காகவே, முன்னே போன ரிரவுட்டிங்கைத் துரத்திக்கொண்டு பாதி வழியிலேயே கிளப்பிவிட்டார். கடைசியில் ஸோஃபனி நெருங்கி வர, ஃப்ராங்கெல் முக்கால் லெங்த்தில்தான் தப்பித்தது. 14 ஓட்டம், 14 வெற்றி என்று ஓய்வு பெற்ற குதிரை அது. அதற்கே சீக்கிரம் செலவழித்தால் கடைசியில் கை வெறுமையாகிறது.

நீ கட்டாயம் செக்ரெட்டேரியட்டை எடுத்து எதிரே வைப்பாய் என்று தெரியும். 1973-ல் அமெரிக்காவின் பெல்மான்ட் பந்தயத்தில் அந்தக் குதிரை முதல் ஆறு ஃபர்லாங்கை ஷாம் என்ற குதிரையோடு போட்டி போட்டு 1 நிமிடம் 9.8 விநாடியில் ஓடியது. ஒன்றரை மைல் ஓட்டத்துக்கு அது தற்கொலை வேகம். ஷாம் அதில் நொறுங்கி ஐந்தில் ஐந்தாவதாக வந்தது. செக்ரெட்டேரியட் மட்டும் தளராமல் 2 நிமிடம் 24 விநாடியில் முடித்து, 31 லெங்த்தில் ஜெயித்தது. அந்த ஓட்டத்தைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கண் கலங்குகிறது. ஆனால் அதே குதிரை ஒரு மாதத்துக்கு முன்னால் ஓடிய கென்டக்கி டெர்பியைப் பார். கால் மைல் கால் மைலாக 25.2, 24, 23.8, 23.4, 23 விநாடி. தொடக்கத்தில் அதன் ஜாக்கி ரான் டர்காட் அவசரப்படவே இல்லை. ஒவ்வொரு துண்டும் முந்தியதைவிட வேகம். என் நோட்டில் இந்த ஐந்து எண்களையும் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்.

வேகத்தோடு இடமும் சேர்ந்துகொள்கிறது. வளைவில் ஒரு குதிரை உள்வேலியிலிருந்து ஒரு மீட்டர் வெளியே ஓடினால், அரைவட்டம் முடியும்போது மூன்று மீட்டருக்குச் சற்று மேல் கூடுதலாக ஓடியிருக்கும். வளைவு சிறியதோ பெரியதோ, கணக்கு ஒன்றுதான். பென்சிலால் போட்டுப் பார், ஆச்சரியமாக இருக்கும். ஒரு குதிரையின் நீளம் ஏறக்குறைய இரண்டரை மீட்டர். அப்படியானால் நாலு குதிரை அகலத்துக்கு வெளியே சுற்றி வந்து கழுத்தளவு வித்தியாசத்தில் தோற்ற குதிரை உண்மையில் தோற்றதா? உள்ளேயே இருந்தால் தூரம் மிச்சம், முன்னே போகிறவன் காற்றையும் தடுப்பான். ஆனால் வழி அடைபடலாம், மண் தளத்தில் முன்குதிரைகளின் குளம்படி மண் முகத்தில் அடிக்கும், அது பிடிக்காத குதிரை ஓட மனமில்லாமல் தலையைத் தூக்கும். கடிவாளத்தை இழுத்துக்கொண்டு ஜாக்கியோடு சண்டை போடும் குதிரையும் அப்படித்தான், பின்னால் இருந்தபடியே தன் பலத்தை வீணாக்கிவிடும்.

இப்போது டான்சிங் பிரேவ். ஜூன் மாதம் எப்சமில் ஸ்டார்க்கி மிகவும் பின்னால் இருந்தார், உண்மை. வெளிப்பக்கமாக வந்து ஷாராஸ்தானியை அரை லெங்த்தில் தவறவிட்டார். அதே வருஷம் அக்டோபரில் பாரிஸில் நடந்த ஆர்க் பந்தயத்தில், டான்சிங் பிரேவை ஓட்டிய பாட் எடரியும் காத்திருந்து, அதே மாதிரி வெளிப்பக்கமாகக் கடைசியில்தான் வந்தார். பெரிங்கை ஒன்றரை லெங்த்தில் தாண்டினார், 2 நிமிடம் 27.7 விநாடி, அன்றைக்கு லாங்ஷாம் தளத்தின் சாதனை நேரம். அதாவது அந்த ஓட்டத்தில் யாரும் சோம்பேறியாகப் போகவில்லை. எப்சமிலோ முன்னே இருந்த ஷாராஸ்தானி தளரவில்லை, அதன் ஜாக்கி வால்டர் ஸ்வின்பர்ன் அதற்கு மிச்சம் வைத்திருந்தார். காத்திருந்தது தப்பு என்று சொல்ல எனக்கு இப்போது மனம் வரவில்லை. முன்னால் இருப்பவன் களைத்துப்போவான் என்று நம்பி ஸ்டார்க்கி காத்திருந்தார், அவன் களைக்கவில்லை. குற்றம் இருந்தால் அந்தக் கணிப்பில் இருக்கிறது. அதோடு ஜெயித்த ஜாக்கி ஸ்வின்பர்னுக்கும் கொஞ்சம் புகழ் கொடுக்க வேண்டும், நாம் ஒரு நாளும் கொடுக்கவில்லை.

தோல்வியின் பழியைத் தானே சுமந்த ஜாக்கிகளும் உண்டு. 2010 ப்ரீடர்ஸ் கப் கிளாசிக்கில் ஸென்யாட்டா ஒரு தலை வித்தியாசத்தில் ப்ளேமிடம் தோற்றபோது, அதன் ஜாக்கி மைக் ஸ்மித் ‘என் தப்பு’ என்று சொல்லிக் கண்ணீர் விட்டார். 19 வெற்றிக்கப்புறம் வந்த ஒரே தோல்வி. தொடக்கத்தில் அவ்வளவு பின்தங்காமல் இருந்திருந்தால் என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் அந்தக் குதிரையின் பழக்கமே அதுதான், அதை மாற்றி ஓட்டியிருந்தால் அந்தக் கடைசிப் பாய்ச்சல் மிஞ்சியிருக்குமா?

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். பெட்டியில் வைத்திருக்கும் உன் பழைய நோட்டில் 1986-ன் பக்கங்களை எடுத்து, எப்சமில் நேர்ப்பாதை திரும்பும்போது எந்தெந்தக் குதிரை எத்தனையாவது இடத்தில் இருந்தது என்று நீ குறித்திருந்தால் எனக்கு எழுது. என் கண்ணுக்குத் தெரிந்த வரிசையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். நான் தப்பாகப் பார்த்திருந்தால் அதையும் சொல், கோபிக்க மாட்டேன்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல். பேத்தியின் படம் ஒன்று அனுப்பு.

என்றும் அன்புடன்,
உன் பழைய நண்பன்