விறகை ஈரம் பார்த்து வாங்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நீலகிரித் தேயிலைத் தொழிற்சாலைகளின் விறகுச் செலவைப் பற்றிப் பேச்சு வந்தால் டன் விலையோடு நின்றுவிடுகிறது. அந்த டன்னில் தண்ணீர் எவ்வளவு என்று எடைமேடைச் சீட்டு சொல்வதில்லை. வெட்டிய கையோடு ஏற்றும் கற்பூர மரத்திலும் (யூகலிப்டஸ்) சீகையிலும் (வாட்டில் மரம்) எடையில் பாதி வரை தண்ணீர்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குச் சுமார் 1,500 மீட்டர் உயரம் அந்தத் தண்ணீரையும் ஏற்றி வந்து, உலையில் விறகு செலவழித்து ஆவியாக்குகிறோம். 50 சதவீத ஈரத்தில் கிலோவுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 1,900 கிலோகலோரி. 20 சதவீதத்தில் 3,400. பச்சை விறகு எரித்தால், காற்றைச் சூடாக்கும் ஹீட்டரின் குழாய்களில் கரி படியும். அதனால் தேயிலையை உலர்த்தும் டிரையருக்குப் போகும் காற்றின் சூடு இறங்கினால் தூள் காய்வதற்குப் பதில் அவிந்துபோகும். ஏலத்தில் விலை விழும்.

வியாபாரியைக் குறை சொல்லிப் பயனில்லை. 50 சதவீத ஈரமுள்ள 10 டன் பச்சை விறகை 20 சதவீதத்துக்கு உலர்த்தினால் 6.25 டன்தான் நிற்கும். பச்சை விறகு டன் 4,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், உலர்ந்தது 6,400 போனால்தான் அவருக்குப் போட்ட முதலாவது தேறும். அந்த விலைக்கு வாங்கினாலும் ஆலைக்கு அதே பணத்தில் சுமார் 12 சதவீதம் கூடுதல் வெப்பம் கிடைக்கும். லாரி வாடகை மிச்சம் தனி.

ஆகவே ஈரமற்ற எடைக்கு விலை பேசுவதே வழி. லோடின் மேல், நடு, அடியிலிருந்து கட்டைகள் எடுத்து, முனையிலிருந்து ஒரு சாண் உள்ளே அறுத்துத் தூளைச் சேர்க்க வேண்டும். மழுங்கிய ரம்பம் சூடேறி ஈரத்தை விரட்டிவிடும், கவனம். 200 கிராம் தூளை 105 டிகிரியில் எடை மாறாமல் நிற்கும்வரை காயவைத்தால் கணக்கு தெரிந்துவிடும். ஊசியைக் குத்தி ஈரம் பார்க்கும் மீட்டர் என்றால் கட்டையைப் பிளந்து உள்முகத்தில் குத்த வேண்டும். 30 சதவீதத்துக்கு மேல் அதை நம்ப முடியாது. பல மீட்டர்கள் காய்ந்த எடைக்குத்தான் சதவீதம் காட்டும்: அதில் 25 என்றால், தண்ணீரும் சேர்ந்த மொத்த எடைக்குப் போடும் நம் கணக்கில் 20. இதை ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் சண்டைதான்.

உலர்த்த ஏற்ற இடம் மழையும் மூடுபனியும் மிகுந்த மலையல்ல, அடிவாரம். பட்டையோடு உருட்டுக்கட்டையாகப் போட்டால் காயாது. பிளந்து, தரையில் படாமல் குறுக்குக்கட்டை மேல் அடுக்கி, மேலே மட்டும் மூடிப் பக்கங்களைக் காற்றுக்கு விட வேண்டும். முழுக்கத் தார்ப்பாய் போர்த்தினால் பூஞ்சைதான் மிஞ்சும். மாதக்கணக்கில் சரக்கு கிடக்கும் என்பதால் அங்கே உலர்த்தி வைக்கும் கிடங்குக்காரருக்குப் பணம் முடங்கும். ஆலைகள் முன்பணம் தராமல் அவர் இதில் இறங்கமாட்டார்.

இப்படிக்கு,
வாசகர், குன்னூர்