சட்டைக்குள் சூடாக இருந்த டேப் சுருள்

அன்புள்ள நண்பர்களுக்கு,

நேற்று ராத்திரி நம் ரிப்பீட்டர், அதாவது மலைமேல் இருந்து நம் ரேடியோ பேச்சை வாங்கித் தூரத்துக்கு மறுபடி அனுப்பும் கருவி, மறுபடி பேச ஆரம்பித்துவிட்டது. அது ஊமையாகக் கிடந்த 4 நாட்கள் எப்படிப் போயின என்று உங்களுக்கே தெரியும். விரல்களில் இன்னும் விறைப்பு போகவில்லை, ஆனாலும் நன்றியை ஆறப்போட மனம் வரவில்லை.

கோபுரத்தில் ஏறியவர்கள், கீழே கயிறு பிடித்தவர்கள், பேட்டரியைத் தோளில் சுமந்து வந்தவர்கள், தூங்காமல் வேறு அலைவரிசையில் செய்தி கடத்தியவர்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

யாரும் கூப்பிடாமலே மேலே வந்த பெரியவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆன்டெனா கனெக்டரைக் கழற்றியதும் உள்ளேயிருந்து தண்ணீர் சொட்டியது. கேபிளைச் சீவினால், செம்புப் பின்னல் ஒரு சாண் நீளத்துக்குக் கறுத்துக் கிடந்தது. விளக்குத்திரி எண்ணெய் இழுப்பதுபோல அது தண்ணீரை இழுத்திருக்கிறது. போன வருஷம் அங்கே சிலிகான் பூசியவன் நான்தான். பூசும்போதே வினிகர் வாடை அடித்தது. காயும்போது அசிட்டிக் அமிலம் விடும் அந்த ரகம் செம்பை அரிக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. பெரியவர் அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கெட்டதை வெட்டிவிட்டுப் புது கனெக்டர் போட்டோம். அப்புறம் டேப். தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் குளிரில் விறைத்துப்போனால் சரியாகச் சேராது. அவர் சட்டைக்குள் கைவிட்டு ஒரு சுருளை எடுத்துக் கொடுத்தார். காலையிலிருந்து உடம்புச் சூட்டிலேயே வைத்திருந்தாராம். அந்தக் காற்றிலும் மழையிலும் வெதுவெதுப்பாக இருந்த பொருள் அது ஒன்றுதான்.

"கீழேயிருந்து மேலே சுத்துங்க தம்பி, ஓடு வேயற மாதிரி. அப்பத்தான் தண்ணி வழிஞ்சு போகும்."

நன்றாக இழுத்து, பாதிக்குப் பாதி மேலேறும்படி சுற்றினேன். மலை வெயில் ரப்பரைத் தின்றுவிடும் என்பதால் அதன்மேல் கறுப்பு வினைல் டேப். கேபிள் பெட்டிக்குள் நுழையுமுன் கீழே தொங்கும்படி ஒரு வளைவு விடச் சொன்னார். பெட்டியின் அடியில் சின்ன ஓட்டையும் போடச் சொன்னார். எனக்குத் தயக்கம்தான். ஆனால் எவ்வளவு இறுக்கி மூடினாலும் ராத்திரிக் குளிரில் பெட்டிக்குள் வியர்க்கும், அது வடிய வழி வேண்டும் என்றார். எஸ்.டபிள்யூ.ஆர் (அனுப்பும் சக்தி ஆன்டெனாவில் சேராமல் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு, 1-ஐ நெருங்கினால் நல்லது) 3-லிருந்து 1.2-க்கு இறங்கியதைப் பார்த்துவிட்டு, "சரி, இறங்கலாம்" என்று கிளம்பிவிட்டார்.

இனி ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்னால் மேலே ஏறி எல்லா இணைப்பையும் நானே பார்ப்பேன். மீதிச் சுருள் என்னிடம்தான் இருக்கிறது ஐயா. ஏறும்போது என் சட்டைக்குள் வைத்துக்கொள்கிறேன்.