அம்முவுக்கு, நல்ல பார்பிக்யூ கடை தேடுவது பற்றி

அன்புள்ள அம்முவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். பாட்டியின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மற்ற சேதியெல்லாம் நீ போனை எடுக்கும் அன்று அம்மா சொல்வாள்.

நீ அம்மாவுக்கு அனுப்பிய படத்தைப் பார்த்தேன். "இந்த ஊர்ல ஒரு நல்ல பார்பிக்யூகூட இல்ல" என்று கீழே எழுதியிருந்தாய். ஏழு வாரத்தில் வந்தது அந்த ஒரு வரிதான். அதனால் அதற்கே பதில் எழுதுகிறேன்.

நீ சொன்னது தப்பு. வடகரோலினாவில், ராலியில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொல்லலாமா? ஒன்பது வயதில் விறகைக் கையில் தூக்கிப் பார்த்தே "இது ஈரம், வேண்டாம்ப்பா" என்று தள்ளி வைத்தவள் நீ.

படத்தில் இருந்ததைச் சொல்கிறேன். வெள்ளைத் தெர்மோகோல் பெட்டி. கொத்திய பன்றி இறைச்சி முழுவதும் ஒரே சாம்பல் நிறம். தணலில் வெந்த பன்றியைக் கொத்தினால் மூன்று நிறம் கலந்து வரும்: வெளிப்பக்கத்துக் கரும்பழுப்பு, அதை ஒட்டிய இளஞ்சிவப்பு, உள்ளே இருக்கும் வெளிர் நிறம். உன் பெட்டியில் பழுப்பு ஓரம் ஒன்றுகூட இல்லை. அது மின்சார அடுப்பிலோ காஸ் அடுப்பிலோ மூடிவைத்து வேகவைத்தது. அடியில் சாஸ் தேங்கி நிற்கிறது. காய்ந்துபோன கறியை நனைத்துக் கொடுத்திருக்கிறார்கள். மூலையில் கொழுப்பு வெள்ளையாக உறைந்திருக்கிறது, அப்படியென்றால் பெட்டி வந்து வெகுநேரம் கழித்துத்தான் திறந்திருக்கிறாய். கட்டிலில் வைத்துச் சாப்பிட்டிருக்கிறாய். முள்கரண்டி ஒன்றுதான் இருந்தது.

இந்தச் சாப்பாட்டை வீட்டுக்கு வரவழைக்காதே. மூடிய பெட்டிக்குள் ஆவி சுற்றி, மொறுமொறுப்பாக இருந்த ஓரமெல்லாம் பத்து நிமிடத்தில் தொளதொளத்துவிடும். கடைக்கு நேரில் போ. யாரையாவது கூட்டிக்கொண்டு போ.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். நீ வளர்ந்தது டெக்சஸ் ருசியில். நமக்கு பார்பிக்யூ என்றால் மாட்டு நெஞ்சுக்கறி (பிரிஸ்கெட்), போஸ்ட் ஓக் மர விறகு, உப்பு, மிளகு, நாக்கில் ஏறும் புகை. அங்கே பார்பிக்யூ என்ற சொல்லுக்கே பன்றி என்றுதான் பொருள். நம்மூரில் விறகு எரியும்போது வரும் புகையிலேயே கறியை வைக்கிறோம். அவர்கள் விறகைத் தனியாக எரித்துத் தணலாக்கி, அந்தத் தணலை மண்வெட்டியால் அள்ளிக் கறிக்கு அடியில் பரப்புகிறார்கள். கொழுப்பு உருகித் தணலில் சொட்டி எழும் புகைதான் அந்த ருசி. அதனால் புகை வாசம் நம்முடையதைவிட மெலிதாகத்தான் இருக்கும். அதைக் குறையாக நினைத்துவிடாதே. நல்ல கடையிலேயே சாப்பிட்டுவிட்டு நீ உதட்டைப் பிதுக்கியிருப்பாயோ என்று எனக்குச் சந்தேகம்.

ராலிக்குக் கிழக்கே ஒரு பாணி, மேற்கே ஒன்று. கிழக்கே முழுப் பன்றி. வினிகர், உப்பு, வத்தல் மிளகாய், மிளகு, அவ்வளவுதான் சாஸ். தக்காளி கிடையாது. கிழக்கே ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் ஏடன் என்ற சிற்றூர். அங்கே 1947 முதல் நடக்கும் ஸ்கைலைட் இன் கடையில் கறியோடு மொறுமொறுவென்ற தோலையும் சேர்த்துக் கொத்துகிறார்கள். பல்லில் கடுக்கென்று ஏதாவது பட்டால் பயப்படாதே, அது தோல். மேற்கே லெக்சிங்டன். அங்கே தோள்பட்டைக் கறி மட்டும்தான், வினிகரில் கொஞ்சம் தக்காளி கெச்சப் கலந்த 'டிப்', முட்டைக்கோஸ் சாலட்கூடச் சிவப்பாக வரும். 1962இல் தொடங்கிய லெக்சிங்டன் பார்பிக்யூவுக்குப் போனால் 'அவுட்சைட் பிரவுன்' என்று கேட்டு வாங்கு. வெளிப்பக்கத்துக் கரும்பழுப்புத் துண்டுகளை எடுத்துக் கொடுப்பார்கள். கேட்காதவர்களுக்கு அது கிடைக்காது. (நம் டெக்சஸிலும் ஒரு லெக்சிங்டன் உண்டு, சனிக்கிழமை மட்டும் காலை 8 மணிக்குத் திறக்கும் ஸ்னோஸ் பார்பிக்யூ கடை அங்கேதான். கூகுளில் தேடும்போது குழம்பிவிடாதே.)

அவ்வளவு தூரம் தனியாக வண்டி ஓட்டவேண்டாம். யாராவது கூட வந்தால் போ. பழைய கடைகள் பல ஞாயிற்றுக்கிழமை பூட்டு, அதனால் சனிக்கிழமை போ.

வீட்டுக்குப் பக்கத்தில் தேடுவது எப்படி என்று சொல்கிறேன். வடகரோலினா பார்பிக்யூ சொசைட்டி என்று 2006இல் தொடங்கிய சங்கம் ஒன்று, விறகிலோ கரியிலோ வேகவைக்கும் பழைய கடைகளை ஒரு வழித்தடமாகக் கோத்து வைத்திருக்கிறது. 'ட்ரூ கியூ' என்று இன்னொரு பட்டியல், விறகில் மட்டும் சமைக்கும் கடைகளுக்குச் சான்று தருவது. அந்த இரண்டிலிருந்தும் உன் வீட்டுக்கு அரை மணி நேரத்துக்குள் இருப்பவற்றைக் குறித்துக்கொள். நட்சத்திர எண்ணிக்கையைப் பார்த்துப் போகாதே. விமர்சனங்களைப் புதிதிலிருந்து பழையதாக வரிசைப்படுத்து, கடைக்காரர் போட்ட படத்தை விட்டுவிட்டுச் சாப்பிட்டவர்கள் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார். ஒற்றை நட்சத்திரம் கொடுத்தவர்களைக் கட்டாயம் படி. "ஒரு மணிக்கே தீர்ந்துவிட்டது" என்று திட்டியிருந்தால் அன்றன்றைக்கு வேகவைக்கிற கடை, போகலாம். "சாஸ் இனிப்பே இல்லை, ஒரே புளிப்பு" என்றால் கிழக்குப் பாணியை ஒழுங்காகச் செய்கிறார்கள். "சாயங்காலம் போனால் காய்ந்திருக்கிறது" என்றால் நம்பு. "முதலாளி மாறியபிறகு முன்னைப்போல் இல்லை" என்று இரண்டு மூன்று பேர் எழுதியிருந்தால் அதையும் நம்பு.

பிறகு ஒரு போன். "என்ன விறகு எரிக்கிறீர்கள், எத்தனை மணிக்கு நெருப்பு வைக்கிறீர்கள்?" என்று கேள். உண்மையிலேயே விறகு எரிப்பவர் ஹிக்கரி, ஓக் என்று மூச்சுவிடாமல் சொல்வார், நேரத்தையும் சொல்வார். விறகு எரிக்காதவர் பேச்சை மாற்றுவார்.

கடை வாசலில் வண்டியை நிறுத்தியதும் நேரே உள்ளே போய்விடாதே. பின்பக்கம் ஒரு சுற்று சுற்றிவா. விறகு அடுக்கி இருப்பது மட்டும் போதாது, அழகுக்கு அடுக்கி வைக்கிறவர்கள் நிறைய. தினமும் எடுக்கிற அடுக்கில் ஒரு பக்கம் சரிந்திருக்கும், தரையில் பட்டைத் தூள் கொட்டிக் கிடக்கும். எடுக்காத அடுக்கில் சிலந்தி வலை. சாம்பல் பீப்பாயைத் தேடு, சாம்பலை மறைக்க முடியாது. புகைபோக்கியில் மெலிதாக நீலம் ஓடிய புகை வந்தால் நல்லது. கொழுத்த வெள்ளைப் புகை ஈர விறகு அடைந்து புகைவது, அந்தக் கறி கசக்கும், நாக்கு நுனி மரத்துப்போகும்.

உள்ளே போனதும் காதைத் தீட்டிக்கொள். கொத்து பரோட்டாக் கடைச் சத்தம் போல இரண்டு கனத்த கத்திகள் பலகையில் தாளம் போடும். கேட்ட பிறகு கொத்துகிறார்கள் என்று பொருள். அந்தச் சத்தமே இல்லாமல் ஆவித் தொட்டியிலிருந்து கரண்டியால் அள்ளிப் போட்டால் ஒரு சாண்ட்விச்சோடு நிறுத்திக்கொள். சுவரில் சுகாதார ஆய்வு அட்டை மாட்டியிருக்கும். 90ஓ அதற்கு மேலோ என்றால் 'ஏ'. அநேகமாக எல்லாரும் 'ஏ'தான், அதனால் எழுத்தைப் பார்க்காதே, எண்ணைப் பார். குறைத்ததற்குக் காரணத்தையும் இணையத்தில் படிக்கலாம். சூடாக வைத்திருக்கும் உணவு 135 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது என்று எழுதியிருந்தால் அங்கே சாப்பிடாதே.

11 மணிக்குப் போ. 12க்கு மேல் வரிசை, 2க்கு மேல் மிச்சம்.

டெக்சஸ் பாணிக் கடைகள் அங்கேயும் வந்துவிட்டன. அங்கே போனால் பிரிஸ்கெட்டில் கொழுப்புள்ளதில் ஒரு துண்டு, கொழுப்பில்லாததில் ஒரு துண்டு கேள். கொழுப்பு உள்ள பக்கம் சுமாரான ஆள் செய்தாலும் தப்பித்துவிடும். கைத்திறமை தெரிவது கொழுப்பில்லாத பக்கத்தில்தான். பென்சில் கனத்துக்கு, நாருக்குக் குறுக்கே வெட்டியிருக்க வேண்டும். அதை ஆள்காட்டி விரலின்மேல் போடு. இரண்டு பக்கமும் தொங்க வேண்டும், அறுந்து விழக் கூடாது. பிறகு இரு முனையையும் பிடித்து மெல்ல இழு. கொஞ்சம் நீண்டு, பிறகு விட்டுக்கொடுக்க வேண்டும். விரலில் போட்டதுமே பொடிந்தால் அதிகம் வெந்தது, அதை மறைக்கத்தான் சிலர் தடியாக வெட்டுவார்கள். ரப்பர் போல இழுத்தால் வேகவில்லை, அதை மறைக்கத் தாள் போல வெட்டுவார்கள். வெட்டின கனத்தைப் பார்த்தே பாதி சொல்லிவிடலாம். கொழுப்பு கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். வெள்ளையாக, கட்டியாக இருந்தால் உருகவில்லை. ஓரத்து இளஞ்சிவப்பு வளையத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லாதே. விறகுப் புகை இறைச்சியின் நிறமியோடு சேர்வதால் வருவது அது. ஆனால் பதப்படுத்தும் உப்பைப் போட்டும் அந்த நிறத்தை வரவழைக்கலாம்.

விலா எலும்பு என்றால் கடித்த இடம் மட்டும் வர வேண்டும், பல் தடம் நிற்க வேண்டும். எலும்பிலிருந்து தானே கழன்று விழுவதைப் பெருமையாக எழுதுவார்கள், அது அதிகம் வெந்தது. எதைத் தின்றாலும் முதல் வாய் சாஸ் இல்லாமல். டெக்சஸ் கடையில் சாஸைத் தனியாகக் கேள்.

பாட்டியை என்றாவது அழைத்துப் போனால் ஒன்றை மறந்துவிடாதே. அங்கே பீன்ஸிலும் கீரையிலும் பன்றி போடுவது வழக்கம். கேட்காமல் வாங்காதே.

அளவு சொல்கிறேன். ஒருவருக்கு வெந்த இறைச்சி மூன்றில் ஒரு பங்கு பவுண்டிலிருந்து அரை பவுண்டு. ஒரு பவுண்டு இரண்டு பேருக்குத் தாராளம். இரண்டு பேர் போனால் மூன்று வகை ருசி பார்க்கலாம், ஒருவர் போனால் ஒரு வகைதான், மிச்சம் வீணாகும். மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வை, நான்கு நாளுக்குமேல் வைக்காதே. சுடவைக்கும்போது கொஞ்சம் தண்ணீர் தெளித்து, காகிதத்தில் மூடி, 165 டிகிரி வரும்வரை. இதெல்லாம் ஒருவருக்கு எதற்கு என்று நினைப்பாய். அதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மு, மே மாதம், நம்மூர்ச் சங்கத்துப் பிக்னிக்குக்கு முந்தின ராத்திரி. இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு நீ கூப்பிட்டாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "அடுப்புல கறி இருக்கும்மா, காலையில பேசலாம்."

கறி அப்போது 160 டிகிரியில் நின்றுகொண்டிருந்தது. அந்த நிலை உனக்கே தெரியும். உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி ஆவியாகிக் கறியையே குளிரவைப்பதால் வெப்பமானி முள் மணிக்கணக்கில் அசையாது. நெருப்பு சீராக இருந்தால் அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்கிறவன் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. மூடியைத் திறக்கக்கூடக் கூடாது. நாற்காலியில் உட்கார்ந்து முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலரை மணிவரை அது நகரவில்லை. உன் குரல் சரியில்லை என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்ததால்தான் அப்படிச் சொன்னேன். என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்கப் பயமாக இருந்தது. காலையில் நான் கூப்பிடவில்லை. மறுநாளும் கூப்பிடவில்லை. அடுத்து நாங்கள் கேள்விப்பட்டது உன் ராலி முகவரியைத்தான்.

உறையில் உன் பெயரை மட்டும் எழுதியிருக்கிறேன். சரிதானே? இல்லையென்றால் திருத்திச் சொல், நான் ஒன்றும் கேட்கமாட்டேன். நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன், எந்த நேரமானாலும். இப்போது நெருப்பு வைக்கும் இரவிலும் போன் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

அக்டோபரில் லெக்சிங்டனில் பார்பிக்யூ திருவிழா வரும், 1984 முதல் நடக்கிறது. கூட்டம் அலைமோதும், அன்றைக்குக் கடைகளை எடைபோட முடியாது. அதற்கு முந்தின வாரமோ பிந்தின வாரமோதான் சரி. விமான டிக்கெட் பார்த்து வைத்திருக்கிறேன், இன்னும் எடுக்கவில்லை. வண்டியை நான் ஓட்டுகிறேன். நீ எத்தனை பவுண்டு வாங்க வேண்டும் என்று மட்டும் எழுது.

அப்பா

பி.கு.: சனிக்கிழமை. ஞாயிறு பூட்டியிருக்கும். 11 மணிக்கு வரிசையில் நிற்க வேண்டும் என்றால் உன் வீட்டிலிருந்து 9 மணிக்கே கிளம்ப வேண்டும்.