ஆற்றோரம் கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன்

பிரிஸ்டல்
செப்டம்பர் 8

அன்புள்ள கதிரேசா,

ஐந்து மாதமாக எழுதாததற்கு நீ என்ன சொல்லித் திட்டியிருப்பாய் என்பது வார்த்தைக்கு வார்த்தை எனக்குத் தெரியும். ஆகவே அதைத் திரும்பவும் எழுதி அனுப்ப வேண்டாம். இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் தம்பியின் வழக்கு முடிந்ததா? பரமசிவம் இன்னமும் அந்தக் குடையைத்தான் வைத்திருக்கிறானா?

விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் கடைசியில் மாப்பிள்ளை எங்களை டெவன் மாவட்டத்தின் வடகடற்கரையில் இருக்கும் லின்மத் என்ற ஊருக்கு அழைத்துப் போனார். எக்ஸ்மூர் மேட்டுநிலம் கடலில் வந்து முடிகிற இடம். மேலே மரமில்லாத பொட்டல். புல், மஞ்சள் பூப் பூக்கும் முட்புதர், ஊதா நிறத்தில் பூக்கும் ஹெதர் செடி, ஓயாத காற்று. அங்கிருந்து இறங்கும் ஆறுகள் வெட்டிய பள்ளங்களில் ஓக் மரக்காடு. அடியில் கடல். மூன்றையும் ஒரே முற்பகலில் மிதித்துவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம். இந்த வட்டநடையில் இவர்களுக்குத் தனிப் பித்து. அடுத்தவன் வயலின் நடுவே கூடப் பாதை போகிறது. மஞ்சள் அம்புக்குறி என்றால் நடப்பவர்களுக்கு, நீலம் என்றால் குதிரையும் வரலாம். நம் ஊரில் வரப்பை ஒரு சாண் நகர்த்தினாலே வெட்டுக்குத்து.

‘கிரிவலமா?’ என்று நீ இளிப்பது கேட்கிறது. ஆமாம், ஆனால் இங்கே இடமாகவும் சுற்றலாம், பாவமில்லை. எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதற்கே நான் இரண்டு ராத்திரி வழிப்படத்தை வைத்துக்கொண்டு யோசித்தேன். கடற்பக்கமாகத் தொடங்கினால் முதல் அடியிலிருந்தே ஏற்றம். காட்டுப்பக்கமாகப் போனால் ஆற்றோரமாகவே மூன்று கிலோமீட்டர், ஏற்றம் அதற்குப் பிறகுதான், கடைசியில் கடலைப் பார்த்தபடி இறங்கலாம். மொத்தம் ஏழெட்டுக் கிலோமீட்டர்.

மகளும் பேத்தியும் மேலே இருக்கும் லின்டனுக்கு மலை ரயிலில் கிளம்பினார்கள். 1890இல் ஓடத் தொடங்கியது. இன்ஜினும் இல்லை, மின்சாரமும் இல்லை. ஒரே கம்பிவடத்தில் இரண்டு பெட்டிகள். மேல்பெட்டியின் தொட்டியில் ஆற்றுத் தண்ணீரை நிரப்புகிறார்கள், கீழ்ப்பெட்டி தன் தண்ணீரைத் திறந்துவிடுகிறது. கனத்தது இறங்க, மற்றது ஏறுகிறது. நீயாக இருந்தால் அன்று முழுக்க டிக்கெட் வாங்கிக்கொண்டு மேலும் கீழும் போய்வந்திருப்பாய். நான், ‘ஆற்றோரம் கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன்’ என்றேன். முழுப் பொய் இல்லை. சட்டைப்பையில் வழிப்படம் இருந்ததைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கிழக்கு லின் ஆற்றைப் பார்த்தால் உன் வாய்க்கால் அளவுகூட இல்லை. ஆனால் நடுவில் கிடக்கும் பாறைகளைப் பார்த்ததும் உன் ஞாபகம்தான் வந்தது. 1952 ஆகஸ்ட் 15, இருபத்துநான்கு மணி நேரத்தில் 229 மில்லிமீட்டர் மழை. ‘இவ்வளவுதானா?’ என்பாய். ஏற்கெனவே ஊறிப்போன மண், செங்குத்துப் பள்ளம். பிடுங்கிய மரமும் பாறையும் பாலங்களில் அடைத்துக்கொண்டு அணைபோல நின்று, பிறகு உடைந்துகொண்டே வந்திருக்கின்றன. 34 உயிர்கள். மழைமானியை மட்டும் நம்பாதே என்று நீ மேலதிகாரியிடம் சண்டை போட்டது சரிதான்.

பிறகு கூடுதுறை. பெயரே வாட்டர்ஸ்மீட். பவானியில் போலக் கோயில் இல்லை. மீன்பிடிக்க வருபவர்கள் தங்க 1832 வாக்கில் கட்டிய வீடு இப்போது தேநீர்க்கடையாக இருக்கிறது. அங்கிருந்தே திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை.

ஏற்றத்தில் பாதி வழியில் நெஞ்சை யாரோ உள்ளிருந்து முறுக்கியதுபோல இருந்தது. வலி என்று சொல்ல முடியாது. இடது தாடை மரத்துப்போயிற்று. ஒரு வேர்மேல் உட்கார்ந்தேன். நாயுடன் வந்த ஒரு பாட்டியம்மா, நலமா என்று கேட்டார். இயற்கைக் காட்சியை ரசிக்கிறேன் என்றேன். சுற்றிலும் இலையைத் தவிர எதுவும் தெரியவில்லை, கதிரேசா. அவர் நாய்கூட நம்பவில்லை.

அரைமணி நேரத்தில் சரியாயிற்று. இறங்கவும் ஏறவும் ஏறக்குறைய ஒரே தூரம்தான் என்று கணக்குப் போட்டு ஏறினேன். இந்தக் கணக்கைத்தான் நீ ஏற்க மாட்டாய். மேலே கவுன்டிஸ்பரி தேவாலயத்தைத் தாண்டியதும் கடல் மொத்தமாகத் திறந்தது, அக்கரையில் வேல்ஸ். 1899 ஜனவரியில் புயலால் லின்மத்திலிருந்து உயிர்காப்புப் படகை இறக்க முடியாமல், ஆட்களும் குதிரைகளுமாக அதை இந்த மலைமேல் இழுத்து, பதின்மூன்று மைல் தள்ளியிருக்கும் போர்லாக் வெயர் வரை ராத்திரியெல்லாம் கொண்டுபோயிருக்கிறார்கள். நான் என் உடம்பை மட்டும் இழுத்துக்கொண்டு வந்ததற்கே இந்தப் பாடு. கீழே வந்தபோது பேத்தி ஐஸ்கிரீமோடு நின்றாள். ‘தாத்தா, ஆறு அவ்வளவு நீளமா?’ என்றாள்.

மகளுக்குத் தெரியாது. டாக்டரிடம் மட்டும் போனேன். வரும் வியாழக்கிழமை பரிசோதனை. அப்பாவுக்கும் இதே தாடையில்தான் தொடங்கியது, நீதான் அன்று டாக்சி பிடித்தாய். உன் மனைவியிடமும் சொல்லாதே, பத்து நிமிடத்தில் இங்கே வந்து சேர்ந்துவிடும்.

வியாழனுக்குள் உன் பதில் வராது, தெரியும். அதற்காகப் போன் செய்துவிடாதே. மகள்தான் எடுப்பாள்.

உன்,
சபாபதி