சிக்னல் போன சனிக்கிழமை

கும்பகோணம்,
புதன் இரவு.

அன்புள்ள வசந்தா,

உன்னிடம் பத்தாயிரம் ரூபாய் கேட்டு என் வாட்ஸ்அப்பிலிருந்து வந்தவன் "அக்கா, அவசரம்" என்று எழுதியிருந்தானாமே! ஐம்பது வருஷமாக உன்னை எருமை என்று கூப்பிடுகிறவளுக்குத் திடீரென்று மரியாதை வந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? நீ உடனே என் மருமகளுக்குப் போன் போட்டாயே, அதனால் பிழைத்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன், திட்டாதே. சனிக்கிழமை காலை ஒருத்தன் பேசினான். என் சிம் பழசாம், இ-சிம்முக்கு, அதாவது அட்டையே இல்லாமல் போனுக்குள்ளேயே பதிகிற சிம்முக்கு, மாறாவிட்டால் ராத்திரியோடு கட் ஆகிவிடுமாம். நல்ல தமிழ், பதமான குரல். அவன் எழுதிக்கொடுத்த எஸ்.எம்.எஸ்.ஸைக் கம்பெனி நம்பருக்கு அனுப்பச் சொன்னான். அதில் ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தது. கம்பெனி சம்மதமா என்று கேட்டதும் 1 என்று அனுப்பினேன். ஓ.டி.பி. எதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை என்று பெருமை வேறு எனக்கு! அந்த மின்னஞ்சல் அவனுடையது. இ-சிம்முக்கான கியூ.ஆர். கோடு நேரே அவனிடம் போய்விட்டது. அதை அவன் போனில் ஸ்கேன் செய்ததும் என் நம்பரே அவன் கைக்கு மாறிவிட்டது.

சாயங்காலம் என் போனில் சிக்னல் இல்லை. டவர் கோளாறு என்று நினைத்து, தொந்தரவு விட்டதென்று நிம்மதியாகக் கொழுக்கட்டைக்கு மாவு கிளறினேன். அதுதானடி அபாய மணி! பக்கத்து வீட்டில் அதே கம்பெனி சிம்தான். எடுக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சிம் மாற்றினால் முதல் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ்.ஸை நிறுத்திவைக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்புத் துறையின் உத்தரவு. அதனால் பேங்க் ஓ.டி.பி. அவன் கைக்குப் போகவில்லை. வாட்ஸ்அப் குறியீட்டை மட்டும் போன் அழைப்பிலேயே வாங்கிவிடலாம். வாட்ஸ்அப்புக்கு ஆறு இலக்கப் பின், அதாவது ரகசிய எண், ஒன்று போட்டுவைக்கச் சொல்லி என் மகன் எத்தனையோ தடவை சொன்னான், நான்தான் போடவில்லை. ஞாயிறு காலை உன் போன் வந்தபிறகு ஒரே ஓட்டம். பேங்கில் சொல்லிக் கணக்கை முடக்கி, சைபர் மோசடிப் புகாருக்கான 1930-இல் புகார் கொடுத்து, ஷோரூமில் ஆதாரைக் காட்டிப் புது சிம் வாங்கினோம். அதற்கும் அதே 24 மணி நேரப் பத்தியம்!

பணம் போயிருந்தால்? நம் தப்பில்லாமல், பேங்க் தப்பும் இல்லாமல் போனதென்றால், மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் நஷ்டம் நம் தலையில் விழாது என்று ரிசர்வ் வங்கி 2017-இலேயே விதி போட்டிருக்கிறது. ஆனால் நானே 1 அமுக்கியவள். என் விஷயத்தில் அது செல்லுமா என்று வாதாடும் தெம்பு எனக்கில்லை.

பிறகு தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி என்ற இணையதளத்தில் என் பெயரில் எத்தனை நம்பர் என்று பார்த்தோம். நான்கு! ஒன்று மகன் காலேஜில் வைத்திருந்தது, இன்னொன்று யாருடையதோ. அதை என்னுடையது இல்லை என்று குறித்துவிட்டேன். ஒருவருக்கு ஒன்பது வரை அனுமதியாம், யாருக்கடி அத்தனை வாய்? சிம்முக்கும் ஒரு பின் போட்டாயிற்று. போன் திருட்டுப்போனால் சிம்மை வேறு போனில் போட்டு ஆட்டம் காட்ட முடியாது. ஆனால் இந்தப் பயல் செய்த வேலையை அது தடுத்திருக்காது. மூன்று தடவை தப்பாக அடித்தால் பூட்டிக்கொண்டு, திறக்க பி.யூ.கே. என்ற வேறொரு நம்பர் கேட்கும், ஜாக்கிரதை.

உன் வீட்டுக்காரர் நம்பரை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடப் போவதாக எழுதியிருந்தாய். அவசரப்படாதே. அணைந்த நம்பரை 90 நாள் கழித்து வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம். கேஸ் புக்கிங், பேங்க், எல்.ஐ.சி. எல்லாவற்றிலும் உன் நம்பரை மாற்றிவிட்டு அப்புறம் விடு. அவர் குரல் அந்தப் போனில் பதிவாகி இருந்தால் அதையும் எடுத்து வைத்துக்கொள்.

இனிமேல் என் பெயரில் யார் பணம் கேட்டாலும், ஒன்பதாம் வகுப்பில் யார் டிபன் பாக்ஸில் தவளையைப் போட்டோம் என்று கேள். பதிலை இங்கே எழுத மாட்டேன். மருமகள் படித்துவிடுவாள்.

உன்,
சரோஜா